13 வயதில் அரியணை, 14 ஆண்டு ஆட்சி... குளச்சலையும் ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் யார்?

குளச்சல்னு சொன்னதும் 1741-ல் டச்சுப் படையைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாதான் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்குப் பிறகு இதே மண்ணை ஒரு சிறுமி ஆண்டிருக்கிறார். அவர்தான் ராணி கௌரி பார்வதி பாய். பள்ளிக்கூடம் தந்தவர் என்று ஒரு பக்கம் புகழப்படுகிறார். தோள்சீலை உரிமையை மறுத்தவர் என்று இன்னொரு பக்கம் விமர்சிக்கப்படுகிறார்.

ஆட்சிக்கு வந்தது எப்படி?

திருவிதாங்கூரில் மருமக்கள் வழி முறை. மன்னரின் மகன் இல்லை, சகோதரியின் மகன்தான் வாரிசு. 1810-ல் அரச குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாததால் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சிக்கு வந்தார். 1812-ல் அடிமைகளை வாங்கி விற்பதற்குத் தடை போட்டவர் இவர். (நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடிமைகளுக்கு இந்தத் தடை பொருந்தவில்லை.)

1815-ல் லட்சுமி பாய் இறந்தபோது, மூத்த மகன் சுவாதித் திருநாளுக்கு வயசு இரண்டு. இளையவர் உத்திரம் திருநாள் கைக்குழந்தை. அதனால் தங்கை பார்வதி பாய், குழந்தைகளின் சார்பில் ஆட்சியை ஏற்றார். அப்போது அவருக்கு வயசு வெறும் 13! இங்கிலாந்தின் விக்டோரியா ராணியானதே 18 வயசில்தான்.

என்னென்ன செய்தார்?

* மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-ல் ஆணை பிறப்பித்தார்.
* நாகர்கோவில் லண்டன் மிஷன் பள்ளிக்கு வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தார். இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கம் அந்தப் பள்ளிதான்.
* வீட்டுக்கு ஓடு போட சாதி அடிப்படையில் இருந்த தடையை நீக்கினார்.
* திருவனந்தபுரத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு கால்வாய் இன்னிக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. குளச்சல் வழியாகப் போகும் ஏ.வி.எம். கால்வாய் 1860-ல்தான் வந்தது.

சர்ச்சை எங்கே?

நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்பது அன்றைய வழக்கம். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் எனும் சட்டை போடலாம் என்று ஏற்கெனவே அனுமதி இருந்தது. ஆனால் அவர்கள் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டதால் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. சந்தைக்குப் போன பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன.

1829 பிப்ரவரி 3-ல் ராணியின் அரசாணை வந்தது. குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது! சாதி பார்க்காமல் ஓட்டு வீட்டுக்கு அனுமதி தந்த அதே அரசு, உடையில் மட்டும் சாதிக்கோட்டை அழிக்கவில்லை. அடுத்த சில மாதங்களில், 16 வயதான சுவாதித் திருநாளிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.

பிறகு என்ன ஆச்சு?

போராட்டம் நிற்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

அந்த ஆணை வந்தபோது மன்னராக இருந்தவர் யார் தெரியுமா? தாயை இழந்த கைக்குழந்தையாகப் பார்வதி பாயின் பொறுப்புக்கு வந்த அதே உத்திரம் திருநாள்தான். அதைப் பார்க்க ராணி உயிரோடு இல்லை. 1853-லேயே காலமாகிவிட்டார்.