இருபத்தைந்தாம் கேள்வி: தமிழ் மாயப்புனைவும் அதன் இருளும்

முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பிணம், அதற்குள் குடிபுகுந்த வேதாளம், இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் சுடுகாட்டைக் கடக்கும் அரசன். தமிழ்க் கதைமரபின் இருண்ட மாயப்புனைவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இக்கதைத் தொகுதி இடம்பெற்றுள்ளது. அங்கே மரம் சிம்சபா, அரசன் திரிவிக்கிரமசேனன். தமிழுக்கு வந்தபோது சிம்சபா முருங்கையாயிற்று, அரசன் விக்கிரமாதித்தன் ஆனான். கொல்லைப்புறத்து மரத்தில் வேதாளத்தை ஏற்றிவைத்த பிறகு அது மறுபடி மறுபடி மரமேறுவது பழமொழியாகவும் ஆகிவிட்டது.

கதையின் ஏற்பாடு கொடூரமானது. ஒரு யோகி கேட்ட பிணத்தை அரசன் வாய் பேசாமல் சுமந்து வர வேண்டும், வழியில் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிட்டால் அவன் தலை வெடிக்கும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். 24 கேள்விகளுக்கு விடை சொல்லி 24 முறை திரும்பி நடந்த அரசன் கடைசிக் கேள்வியில் அடங்கிப்போகிறான். தாயும் மகளும் முறை மாறி மகனையும் தந்தையையும் மணந்துகொண்டால், பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதே அந்தக் கேள்வி. அவனுக்கு விடை தெரியவில்லை. அந்த மௌனத்தை மெச்சித்தான் வேதாளம் உண்மையைச் சொல்கிறது: பிணத்தைக் கேட்ட யோகி அரசனையே பலியிடக் காத்திருக்கிறான். கும்பிட்டு விழுவது எப்படி என்று யோகியையே செய்துகாட்டச் சொல்லி அரசன் அவன் தலையை வெட்டுகிறான். அரசனுக்குக் கிட்டிய வெற்றி இது. அதை வாங்கித் தந்தது அவனுடைய அறியாமை. மாயக் கதையை எடுத்தாண்ட பிற்காலப் படைப்புகளை அளக்க இந்த 25ஆம் கேள்வியே தகுந்த அளவுகோல். எது இந்தக் கேள்வியைக் காப்பாற்றியது, எது மாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியைக் கைவிட்டது என்று பார்த்தாலே தரம் பிரிந்துவிடும்.

ஐரோப்பாவில் இந்த வரலாறு வேறு வரிசையில் நடந்தது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைகள், 1857இன் ஏழாம் பதிப்புக்குள் குழந்தைகளுக்கு ஏற்றவாறு பலவிதமாகத் திருத்தப்பட்டன. வால்ட் டிஸ்னி 1937இல் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ அவற்றுக்கு மேலும் மெருகேற்றியது. ஏஞ்சலா கார்ட்டரின் ‘தி பிளடி சேம்பர்’ (1979) தொகுப்பைப் போன்றவை பிறகு வந்து, கழுவப்பட்ட இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆங்கிலத்தில் இருண்ட மாயநாவல் என்ற வகை செழித்ததற்கு இந்த மீட்பு ஒரு காரணம். தமிழில் இருட்டு முதலில் வந்தது, மெருகு பின்னால் வந்தது. வரிசை புரண்டதால் விளைவும் வேறாயிற்று.

‘பெரிய எழுத்து’ நூல்கள் இக்கதைகளைச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற காலத்தில் அவற்றைக் குழந்தைக் கதை என்று எவரும் பிரித்துவைக்கவில்லை. விக்கிரமாதித்தனின் சிம்மாசனத்தில் 32 படிகள். படிக்கொரு பதுமை வாய் திறந்து, அதில் ஏற வந்த போஜராஜனை நிறுத்திவைத்துக் கதை சொல்லும். (விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் கொலுப்படியில் நிற்கும் வீடுகளில் இந்தக் காட்சியைக் கற்பனை செய்யப் பெரிய முயற்சி வேண்டியதில்லை.) மதனகாமராஜன் கதையும் அப்படித்தான்: கதைக்குள் கதை, ஆசையும் வஞ்சகமும் உருமாற்றமும். ச. ம. நடேச சாஸ்திரி 1886இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அராபிய இரவுகளை நினைவூட்டும் தலைப்பையே சூட்டினார்.

சுடுகாடு இந்தக் கதைகளைக் கேட்டவர்களுக்கு வேற்றுலகம் அன்று. நடுநாட்டில், அதாவது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில், மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கிறது. அம்மன் வேடமிட்டவர்கள் பகல் வெளிச்சத்தில் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். ஊரே பின்னால் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் வேதாளக் கதை கேட்பவன் கதைக்காக இன்னோர் உலகத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. மேலைநாட்டு மாயநாவலில் அலமாரிக் கதவோ முயல் வளையோ தேவைப்படுகிறது. இங்கே தெருக்கோடி போதும்.

இந்த அண்மையை நவீன உரைநடைக்குள் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த அவருக்கு வீட்டில் இட்ட பெயர் விருத்தாசலம்.  ‘வேதாளம் சொன்ன கதை’யில் பழைய சட்டகத்தைக் கேலிக்குப் பயன்படுத்தினார். ‘பிரம்மராக்ஷஸ்’, ‘கபாடபுரம்’ இரண்டிலும் அதே சட்டகத்தை அச்சத்துக்கும் வியப்புக்கும் திருப்பினார். இவற்றுள் உச்சம் ‘காஞ்சனை’ (1943). ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, அவள் இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பிச்சைக்காரி ஆகிய மூவரைச் சுற்றியே கதை நடக்கிறது. இரவில் வீட்டுக்குள் இருக்கக் கூடாத வாடை வருகிறது. வந்தவள் பெண்ணா, பேயா? கணவன் பார்த்ததை மனைவி பார்த்தாளா? புதுமைப்பித்தன் எதற்கும் விடை தரவில்லை. விக்கிரமாதித்தன் அடங்கிப்போன இடத்தில் இங்கே கதைசொல்லி அடங்கிப்போகிறான். வெளிச்சம் வந்ததும் பேய் கலையும் என்ற வழக்கமான ஆறுதலைக்கூட வாசகருக்கு அவர் மறுத்தார். சிறுகதைக்குள் அடங்கிய இந்தச் சாதனையைத் தமிழ் நாவல் நெடுங்காலம் எட்டிப்பிடிக்கவில்லை.

மெருகு 1947இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் வெளியிட்டனர். வேதாளக் கதை அதன் நிலையான பகுதியாயிற்று. மூலத்தில் இருந்த 25 கதைகள் தீர்ந்த பிறகும் அதே சட்டகத்தில் புதுக் கதைகள் பல பத்தாண்டுகளுக்கு எழுதப்பட்டன. ஓவியர் சங்கர் வரைந்த தலைப்புப் படம் இன்றும் பலர் மனத்தில் இருக்கிறது: உருவிய வாளோடு அரசன், தோளில் துவண்ட பிணம், சுற்றிலும் மண்டையோடுகள். படத்தில் பயம் இருந்தது, கதையில் இருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கேள்வி நீதிக் கேள்வியாக இருந்தது, அரசன் ஒவ்வொரு மாதமும் சரியான விடை சொன்னான், வேதாளம் மரமேறியது. கடைசிக் கேள்வி வந்துவிட்டால் பகுதியே முடிந்துபோகும் அல்லவா? ஆகவே அரசன் விடை தெரியாமல் நிற்கும் இரவைப் பத்திரிகை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. இதே இதழ்களில் தாசரி சுப்பிரமணியம் தெலுங்கில் எழுதிய ‘தோகசுக்க’ முதலிய மாயத் தொடர்கதைகளும் வந்தன. மந்திரவாதி, விசித்திர விலங்கு, காட்டுக்கோட்டை என்று மாதாமாதம் நீண்ட அவற்றைத் தென்னிந்திய மொழிகளில் மாயநாவலுக்கு மிக நெருங்கிய வடிவம் என்று சொல்லலாம். சிறுவர் இலக்கியம் என்ற முத்திரையால் விமர்சகர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இழப்பு விமர்சனத்துக்கே.

அம்புலிமாமாவின் உரிமையாளர்களே விஜயா புரொடக்ஷன்ஸின் உரிமையாளர்களும். ‘பாதாள பைரவி’ (1951) அவர்கள் படம், கே. வி. ரெட்டி இயக்கியது, தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. நேபாள மந்திரவாதியாக எஸ். வி. ரங்காராவ் தாடியைத் தடவிக்கொண்டு வருகிறார். வீரமுள்ள ஓர் இளைஞனைப் பலி கொடுத்தால் கேட்டதைத் தரும் பதுமை அவருக்குக் கிடைக்கும். தோட்டக்காரரின் மகனான நாயகன் சூதை அறிந்து மந்திரவாதியையே பலியிட்டுப் பதுமையைக் கைப்பற்றுகிறான். விக்கிரமாதித்தனும் யோகியும் மோதிய அதே முடிச்சுத்தான். ஆனால் படத்தில் வேதாளம் இல்லை, கேள்வி இல்லை, விடை தெரியாத இரவும் இல்லை. மூலக்கதையில் அரசனைக் காப்பாற்றிய அறியாமையின் இடத்தில் இங்கே வீரமும் காதலும் அமர்ந்துகொண்டன. ஒரு மாயக் கதை கேளிக்கைப் படமாகும்போது எது உதிர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. படம் நல்ல படம் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

பி. விட்டலாச்சார்யாவின் படங்கள் இதே பாதையின் மலிவான கிளை என்று ஒதுக்கப்படுவதுண்டு. அந்தத் தீர்ப்பு அவசரமானது. ‘ஜகன்மோகினி’ (1978) படத்தில் மருமகளாக வீட்டுக்குள் வந்த பேய், அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலை நீட்டி எரிய விட்டுச் சமைக்கிறது. தந்திரக் காட்சி எளியது. பார்த்தவர்கள் மறக்காததற்குக் காரணம் தந்திரம் அன்று. நடப்பது சமையலறையில். புதுப் பெண்ணிடம் வீடு எதிர்பார்க்கும் உழைப்பின் உச்சத்தைப் பேய் செய்துகாட்டுகிறது, அதுவும் முகத்தில் சிரிப்போடு. காஞ்சனையை வீட்டுக்குள் அனுமதித்த அதே வாசல் இங்கே மறுபடி திறக்கிறது. விஜயாவின் அரண்மனைகளைவிட விட்டலாச்சார்யாவின் அடுப்படி புதுமைப்பித்தனுக்கு நெருக்கமானது.

இத்தனை பொருள் கையிருப்பில் இருந்தும் முழுநீள இருண்ட மாயநாவல் தமிழில் தனி வகையாகத் திரளவில்லை. அதன் இடத்தைச் சரித்திர நாவல் பிடித்துக்கொண்டது. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் வரும் நாகநந்தி, புலிகேசியின் இரட்டைப் பிறவி, நஞ்சோடு புழங்கும் பிக்ஷு, வேறு மொழியில் பிறந்திருந்தால் இவரை மாயநாவலின் மந்திரவாதி என்றே வகைப்படுத்தியிருப்பார்கள். ரகசியச் சுரங்கம், மாறுவேடம், சாபம் எல்லாம் சோழ, பல்லவ ஆண்டுக்கணக்குக்குள் இடம்பெற்றுவிட்டதால் ஆண்டுக்கணக்கு இல்லாத உலகத்தைப் படைக்கும் தேவை எழவில்லை.

திருப்பம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அம்புலிமாமாவும் மாயஜாலப் படங்களும் புழங்கிய காலத்தில் வளர்ந்த தலைமுறை எழுத வந்தபோது பழைய சட்டகங்கள் வேறு எடையோடு திரும்பின. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997), கோணங்கியின் ‘பாழி’ (2000) ஆகியவை இந்த எல்லைக்குள் ஓரளவுக்கே வரும். மையத்துக்கு வருவது பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ (2008). பார்வை இழந்த மனைவிக்காக ஆங்கிலேயன் ஒருவன் 18ஆம் நூற்றாண்டில் தமிழகம் வருகிறான். கண்ணொளி தரும் பொருளைத் தேடிப் போகும் பயணம் குலேபகாவலிக் கதையின் முடிச்சு, 1955இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்து ஊரெங்கும் அறியப்பட்டது. படத்தில் பூ கிடைக்கும், அரசர் கண் திறப்பார். நாவலிலோ தேடல் ஒரு கதையைத் தேடுவதாக மாறி, கதைக்குள் கதையாக இறங்குகிறது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் இதில் வாசகர் வழிதவறும் இடங்கள் உண்டு. சில இடங்களில் ஆசிரியரும் தவறியிருக்கிறார் என்றே தோன்றும். ஆயினும் மதனகாமராஜன் கதையின் அடுக்குமுறையை அலங்காரமாக்காமல் நாவலின் எலும்பாகவே ஆக்கியதில் இதற்கு நிகர் சொல்வது கடினம்.

திரையில் இதற்கு இணை செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010). பெயரே ஒரு கடன். 1965இல் பி. ஆர். பந்துலு இயக்கிய அதே பெயருள்ள படத்தில் அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட மருத்துவர் மணிமாறன் கொள்ளையரோடு சேர்ந்தும் நேர்மை குலையாமல் கரை சேர்கிறார். புதிய படத்தின் முதற்பாதி அந்த நினைவை நம்பியே நடக்கிறது: கடல், காட்டுமக்கள், பாம்பு, புதைமணல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள், ஏழு கடல் ஏழு மலை தாண்டும் பாட்டிக் கதையின் அதே கணக்கு. இடைவேளைக்குப் பின் புதையல் இருக்க வேண்டிய இடத்தில் பசியால் வற்றிய சோழக் குடிகளும் அவர்களின் அரசனும் இருக்கிறார்கள். தேடிப் போனவர்களில் யார் நாயகர், யார் கொள்ளையர் என்ற கணக்கு அங்கே குழம்புகிறது. படை வந்து அந்தக் குடியை அழிக்கிறது. தப்பிய சிறுவனைத் தூக்கிக்கொண்டு கூலிக்கு வந்தவன் வெளியேறுகிறான். அந்தச் சிறுவன் இனி எந்த நாட்டின் இளவரசன் என்பதைப் படம் சொல்லாமல் விடுகிறது.