விடிய எழும்பிப் பார்த்தால்…

இரவு 10 மணிக்கு அப்டேற்றைத் தொடக்கிவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் 60 பொதிகளில் 3ஆவதோடையே எல்லாம் நின்றுபோய்க் கிடக்குது. மிச்ச 57உம் என்ன பாவம் செய்தன? ஜென்டூ லினக்ஸ் பாவித்த ஆட்களுக்கு இப்படி விடியிறது புதிசில்லை.

இந்தக் கதையின் வேர் லினக்ஸுக்கு வெளியில இருக்கு. 1994இல் ஜோர்டன் ஹப்பார்ட் ஃப்ரீபிஎஸ்டிக்காக 'போர்ட்ஸ்' முறையைத் தொடக்கினார். மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து, நிறுவுகிற வேலை முழுவதும் ஒரு கட்டளைக்குள் அடங்கியது. அந்த யோசனையை டானியல் ராபின்ஸ் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2002இல் ஜென்டூ 1.0 வெளிவந்தது. அதன் பொதிகளைக் கவனிக்கிறது 'போர்ட்டேஜ்'.

டெபியனில் கம்பைல் வேலை அவர்களுடைய சேர்வர்களிலேயே முடிஞ்சிடும். ஜென்டூவில் அது எங்கட மேசைக்கு வருது; பிழையும் கூடவே வருது. ரேம் போதாமல் போகலாம், கம்பைலர் மாறியிருக்கலாம், ஒரு லைப்ரரி இல்லாமல் இருக்கலாம்.

போர்ட்டேஜ் ஒரு பொதியைத் தனி இடத்தில் கட்டி முடித்த பிறகுதான் உண்மையான கோப்புகளோடு சேர்க்கும். அதனால் கம்பைல் பிழைத்தாலும் பழைய பதிப்பு அப்படியே ஓடும். 'கீப் கோயிங்' என்ற தெரிவைக் கொடுத்தால், பிழைத்த பொதியையும் அதை நம்பியிருக்கிற பொதிகளையும் விட்டுவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கணக்கிட்டு வேலையைத் தொடரும். பிழைத்தவற்றின் பட்டியலைக் கடைசியில் தரும்.

நிக்ஸ்ஓஎஸ் வேற பக்கம் போனது. அங்கே ஒரு பொதி பிழைத்தால் புதிய அமைப்புக்கு மாறவே மாறாது. பழையது முழுசாக நிற்கும். ஒன்று 'முடிந்தவரை செய்' என்குது, மற்றது 'எல்லாம் சரியென்றால் மட்டும் மாறு' என்குது.

இரண்டிலும் ஒரே ஆபத்துத்தான்: சத்தமில்லாமல் தோற்பது. இரவிரவாக ஓடுகிற அப்டேற்றில் பிரவுசரின் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் ஒவ்வொரு நாளும் பிழைத்துக்கொண்டே இருக்கலாம். பட்டியலை ஒருத்தரும் பார்க்காவிட்டால், கணினி புதிசு என்று நம்பிக்கொண்டு ஓட்டைக் கதவோடுதான் இருப்போம்.

அதனால் இப்ப எங்கட வழக்கம் இதுதான்: இரவில் ஓடுகிறதை ஒரு கோப்பில் பதிய விடுவோம், காலைத் தேத்தண்ணியோட அதைத் திறப்போம். பல வேலை சமநேரத்தில் ஓடுவதால் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்காது. மேலே போய், முதல் பிழையைத்தான் தேடவேணும்.

ஆளில்லாமல் ஓடுகிற வேலைக்கும் விடிய ஒரு ஆள் வேணும்.