சட்டம் செதுக்கிய துப்பாக்கி: தமிழகத்தில் வேட்டை ரைபிளின் வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியை அடுத்துள்ள பட்டாபிராம், 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்த ஊர். பிரதான பாதையிலிருந்து இங்கே பிரியும் கிளை, ராணுவக் கிடங்குகளுக்காகப் போடப்பட்டது; அதன் முடிவிலுள்ள நிலையத்தின் பெயரே 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்பதாகும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ராணுவச் சீருடைகளைத் தைக்கும் தொழிற்சாலையும் அதே பகுதியில் எழுந்தது. இவ்வாறு படைக்கலத் தொழிலைச் சார்ந்து வளர்ந்த ஒரு வட்டாரத்தில், தனி மனிதர் ஒருவர் வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கோ ரைபிள் ஒன்றை வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியமைத்துக்கொள்ளும் வழக்கம் வேர்பிடிக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. மேலை நாடுகளில் வீட்டுக் கொட்டகையில் நடைபெறும் ஒரு பொழுதுபோக்காகப் பரவிய இந்தப் பழக்கம் தமிழகத்தில் ஏன் அவ்வாறு பரவவில்லை என்ற கேள்விக்கு விடை, மக்களின் இயல்பிலோ தொழில்திறனிலோ அன்று, இரண்டு நூற்றாண்டுகளின் சட்ட வரலாற்றிலேயே கிடைக்கிறது.

அந்த வரலாறு பாளையக்காரர்களின் வீழ்ச்சியோடு தொடங்குகிறது. பாளையங்களின் காவற்படையினரிடம் ஈட்டியும் வாளும் இருந்ததைப் போலவே, எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கிகளும் இருந்தன. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின்னர், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்த ஆயுதங்களைப் பறிக்கவும் வழி செய்தது. வடஇந்தியாவில் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு தீவிரமடைந்த ஆயுதப் பறிப்பு, தென்தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பதால், துப்பாக்கி வைத்திருப்பது ஆட்சியாளரின் அனுமதியைப் பொறுத்தது என்ற நிலை இங்கே மிக விரைவில் நிலைபெற்றது.

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அந்த நிலையை நாடு முழுவதற்கும் உரிய விதியாக்கியது. இச்சட்டப்படி இந்தியர் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கோ விதிகளின் வழியே விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியர்களுள் குடகு நாட்டினரைப் போன்ற சிலருக்கே விலக்கு கிட்டியது. இந்த இன வேறுபாடு 1920-ஆம் ஆண்டின் விதிகளில்தான் நீக்கப்பட்டது. ஆகவே, வேட்டை ரைபிள் தன் நுட்பத்தின் உச்சத்தை எட்டிய அந்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், அதைத் தடையின்றி வாங்கவும் மாற்றவும் கூடியவர்களாக இங்கே இருந்தவர்கள் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் சமஸ்தான மன்னர்களுமே ஆவர்.

இங்கே துப்பாக்கி வகைகளைப் பற்றிய விளக்கம் ஒன்று தேவைப்படுகிறது. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்து, சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி ஒரு வகை. 'பன்னிரண்டு போர்' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது இதுவே. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்குக் கிடைக்கும் விட்டமே அதன் குழல் அளவு. குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டு, ஒற்றைக் குண்டைச் சுழலச் செய்து நெடுந்தொலைவு நேராகச் செலுத்துவது ரைபிள். தமிழில் சுரிகுழல் துப்பாக்கி எனப்படும். ரவைத் துப்பாக்கி காடை, கௌதாரிக்கு உரியது. ரைபிள் மான், காட்டெருமை, புலி, யானை ஆகியவற்றுக்கு உரியது. ரைபிளையே படைகளும் பயன்படுத்தியதால், அரசின் ஐயம் எப்போதும் இந்த இரண்டாம் வகையின் மீதே அதிகமாகப் படிந்தது.

சென்னையில் ரைபிள் வாங்க விரும்பிய ஆங்கிலேயருக்கு மவுண்ட் ரோடு வணிக நிறுவனங்களே வாயிலாக இருந்தன. கடிகாரத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ், பல்பொருள் வணிகம் செய்த ஓக்ஸ் அண்டு கோ ஆகியவற்றின் பெயர்கள் பொறிக்கப்பட்ட துப்பாக்கிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் காணப்படுகின்றன. இவற்றில் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டு, விற்பவரின் பெயரைக் குழலின் மேல் தாங்கி வந்தவை. வாங்குபவரின் உடலுக்கேற்பத் துப்பாக்கியை அமைப்பது அக்காலத்து உயர்தர வணிகத்தின் ஒரு பகுதியாகும்: விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம், குழலின் கோட்டிலிருந்து கட்டை எவ்வளவு தாழ்கிறது என்ற அளவு, கண்ணுக்கு நேரே குறி வருவதற்காகக் கட்டை பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்ற அளவு ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டு, அவற்றின்படி வால்நட் மரம் செதுக்கப்பட்டது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதை ஒத்த இந்த முறை, வசதி படைத்தோருக்கு மட்டுமே எட்டியது.

எளிய மக்களின் துப்பாக்கி வேறொரு வழியில் உருவானது. குழல்வாய் வழியே கரிமருந்தையும் ஈய ரவையையும் இட்டுக் கிட்டித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியை ஊர்க் கொல்லரும் தச்சரும் சேர்ந்து செய்ய முடிந்தது. இதையே உரிமப் படிவங்கள் ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கி என்ற பொருளில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று குறித்தன. மலையடிவாரத்து உழவர் பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும், நரிக்குறவர் பறவை வேட்டைக்கும் இதைப் பயன்படுத்தினர். கட்டை உடைந்தால் புதிய மரம் பொருத்துவதும், தளர்ந்த குழலைக் கம்பியால் கட்டி இறுக்குவதும் உடையவரின் கைவேலையாகவே இருந்தன. துப்பாக்கியைத் தானே பேணி மாற்றும் மரபு தமிழகத்தில் எங்கேனும் இருந்தது என்றால், அது ரைபிளைச் சுற்றியன்று, இந்த நாட்டுத் துப்பாக்கியைச் சுற்றியே இருந்தது.

ரைபிளின் வடிவத்தையே சட்டம் மாற்றிய நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது. படைகளில் புழங்கிய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்கான .450 அங்குல வகைத் தோட்டாக்கள் எல்லைப்புறக் கிளர்ச்சியாளர்களின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசு, அந்த அளவை இந்தியாவில் தனியாருக்குத் தடை செய்தது. யானையையும் காட்டெருமையையும் சுட அந்த அளவையே நம்பியிருந்த வேட்டைக்காரர்களை இழக்க விரும்பாத இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனங்கள், தடைக்கு உட்படாத .465, .470, .475 போன்ற புதிய அளவுகளை அடுத்தடுத்து உருவாக்கின. பின்னர் ஆப்பிரிக்க வேட்டைக் காடுகளிலும் புகழ்பெற்ற இந்த அளவுகளின் பிறப்புக்கு இந்திய அரசின் ஓர் ஆணையே தூண்டுகோலாயிற்று.

இதே காரணத்தால், படையின் பொது அளவான .303 தோட்டாவும் சாதாரண உரிமதாரருக்கு மறுக்கப்பட்டது. இந்த மறுப்பின் விளைவை உணர, பிற நாடுகளில் நடந்ததை நோக்க வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் படைகள் கழித்துவிட்ட ரைபிள்கள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. லீ-என்ஃபீல்டு போன்ற படை ரைபிளில் மரக்கட்டை குழலின் முனைவரை நீண்டு, எடை மிகுந்திருக்கும்; அதன் முன்பகுதி மரத்தைக் குறைத்து, மேலுறையைக் கழற்றி, புதிய குறிகாட்டியையோ தொலைநோக்கியையோ பொருத்தி, வேட்டைக்கேற்ற இலகுவான வடிவுக்குக் கொண்டுவருவது பல்லாயிரம் வீடுகளில் ஓய்வுநேர வேலையாயிற்று. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இந்த மாற்றத்தையே வணிகமாகச் செய்தன. இந்தியாவிலும் அதே லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் பெருந்தொகையாக இருந்தபோதிலும், அளவுத் தடையின் காரணமாக அவை தனியார் கைக்கு வரவில்லை.

தனியார் செய்ய இயலாத மாற்றத்தை அரசே செய்தது என்பதுதான் இந்த வரலாற்றின் தனித்தன்மை. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டின் இயங்குமுறையை அப்படியே வைத்துக்கொண்டு, .315 அங்குலக் குழலும் குறுகிய கட்டையும் பொருத்திய வேட்டை ரைபிளைத் தயாரித்தது. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த அளவு, ஆஸ்திரியப் படையின் பழைய மான்லிகர் தோட்டாவிலிருந்து பெறப்பட்டு, பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் வழியே இந்தியச் சந்தைக்கு வந்ததாகும். இந்தியப் படையின் தோட்டா இதில் நுழையாது என்பதே இதன் முதன்மைத் தகுதி. மேலை நாட்டில் வீட்டுக்காரர் தம் அரத்தாலும் உளியாலும் செய்த வேலை, இங்கே அரசுத் தொழிற்சாலையின் ஒரே மாதிரியான உற்பத்தியாக மாறி, விடுதலைக்குப் பின் உரிமதாரர் பெறக்கூடிய உள்நாட்டு ரைபிள் என்றாலே 'மூன்று பதினைந்து' என்ற நிலை ஏற்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியா காலனியச் சட்டத்தை நீக்கி 1959-இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் கேட்பவரை ஐயத்தோடு நோக்கும் பழைய மனப்பான்மை ஓரளவு தளர்ந்தது என்றாலும், ரவைத் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் இடையிலான வேறுபாடு நீடித்தது. இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கி, பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கி, அங்கீகாரம் பெற்ற சங்க உறுப்பினரின் .22 ரைபிள் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்குவதைச் சட்டம் ஒப்பீட்டளவில் எளிதாக்கியது. பெரிய ரைபிள்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுது பார்ப்பதும் விற்பனைக்கு இணையான தொழில்களாகக் கருதப்பட்டு, அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு விதித்தது. குழலைக் குறுக்குவதை ஆறாம் பிரிவும், அடையாள எண்ணை அழிப்பதை எட்டாம் பிரிவும் தடுத்தன. ரைபிள் வைத்திருக்கும் உரிமம், அதைத் திருத்தும் உரிமமாகாது என்பது இதன் பொருள்.

ரைபிளின் பயன்பாட்டையே ஒடுக்கியது வனவிலங்குச் சட்டம். நீலகிரியில் 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அதன் நோக்கம் வேட்டையை ஒழிப்பதன்று, பருவமும் அனுமதியும் வகுத்து வேட்டை நீடிக்கச் செய்வதாகும். சேலம், தருமபுரி, ஓசூர்ப் பகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்று அந்த அனுபவங்களை நூல்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சன், .405 அளவு வின்செஸ்டர் ரைபிளோடு வேட்டையாடிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அதன் பின்னர், 'வேட்டை ரைபிள்' என்ற பெயர் உரிமப் புத்தகத்தில் இருந்தாலும், வேட்டை இல்லை.

1980-களின் நடுப்பகுதியில் இறக்குமதியும் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரைபிள்கள் பழம்பொருளின் மதிப்பைப் பெற்றன. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை முதலில் மூன்றாகவும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாகவும் குறைந்தது. தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்குமாறு பணிக்கப்படுவது தமிழகத்தில் வழக்கமாகிவிட்டது.

துப்பாக்கியை உடலுக்கேற்ப அமைக்கும் கலை முற்றிலும் மறையவில்லை. அது விளையாட்டுக்கு இடம் மாறியது. 1951-இல் தோன்றிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் கீழ் வளர்ந்த குறிசுடும் போட்டிகளில், ரைபிளின் கன்னத்தைத் தாங்கும் பகுதியையும் தோளில் பதியும் தகட்டையும் வீரரின் அளவுக்கேற்ப நகர்த்திக்கொள்ள முடியும். பத்து மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதை 2016-ஆம் ஆண்டு விதிகள் ஏற்பதால், பட்டாபிராமில் வாழும் ஓர் இளைஞர் உரிமமின்றித் தம் வீட்டில் வைத்துப் பழகத்தக்க ரைபிள் இதுவாகவே இருக்க முடியும்.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, டாங்கித் தொழிற்சாலைகளை ஏற்ற நிறுவனம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது. இஷாப்பூரும், 1966-இல் தொடங்கிய திருச்சி ரைபிள் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு நிறுவனத்தின் கீழ்ச் சென்றன. பெரிய நிறுவனங்களின் வரலாறு ஆவணங்களில் தங்கிவிடும். தனி உரிமதாரரின் வரலாறு அவ்வாறு தங்குவதில்லை. உரிமதாரர் இறந்த பின் குடும்பத்தினர் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைக்கும்போது, அதனுடன் இருந்த உரிமப் புத்தகமும் கடை ரசீதும் தோட்டாக் கணக்கும் பெரும்பாலும் பழைய காகிதமாகிவிடுகின்றன. எந்தக் கடை, எந்த அளவை, எந்த ஆண்டில், எந்தக் காரணத்துக்காக விற்றது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று இல்லை. துப்பாக்கியைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டு, அந்தக் காகிதங்களின் படிகளையேனும் ஆவணக் காப்பகங்களுக்கும் உள்ளூர் வரலாற்று ஆய்வாளர்களுக்கும் வழங்குவது, அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வரலாற்றுக்குச் செய்யக்கூடிய உதவியாகும்.