வெட்சி நிலமும் கௌபாய்த் திரைமரபும்

வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லையில், மூன்று மாநிலங்கள் நெருங்கிவரும் இடத்தில் அமைந்த ஊர். ஒருபால் கருநாடகத்தின் கோலார்ச் சீமை. மறுபால் ஆந்திரத்தின் குப்பம் பகுதி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலைபேசும். மழை பெய்தால் பெருகி, பொய்த்தால் மணலாகும் மார்க்கண்டேய ஆறு. முட்புதர் மண்டிய மேய்ச்சல் வெளி. பாறைகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனாற்போன்ற குன்றுகள். ஆங்கிலக் கௌபாய்ப் படங்களில் தோய்ந்த திரையன்பர் எவரேனும் இந்நிலத்தை முதன்முறையாகக் காண்பாராயின், அக்குன்றின் பின்னிருந்து ஒற்றைக் குதிரை வீரன் வெளிப்படுவான் என எதிர்பார்ப்பது இயல்பே.

இவ்வொப்புமை வெறும் கண்மயக்கமா, அதனினும் ஆழமுடையதா என்பது கேட்கத்தக்க வினா. அதற்கு விடை காண, முதலில் அந்தத் திரைமரபு பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

மரபு பிறந்த வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தில் இலட்சக்கணக்கான மாடுகள் வாங்குவாரின்றி மேய்ந்து திரிந்தன. வடபுல நகரங்களிலோ இறைச்சிக்கு நல்ல விலை இருந்தது. 1867இல் கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்னும் இருப்புப்பாதை ஊரில் மாட்டுச் சந்தை கூடியது. மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிச்சென்று அங்கே இரயிலேற்றும் தொழில் பெருகிற்று. அத்தொழிலின் கூலியாட்களே கௌபாய்கள். 1874இல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்தவெளி மேய்ச்சல் துண்டுதுண்டாக வேலியிடப்பட்டது. 1886-87ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மந்தைகள் பெருமளவில் மடிந்தன. இனித் தனியே பிரித்துக் காட்டத்தக்க எல்லைக்கோடு இல்லை என 1890ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கைத் தொடர்ந்து அந்நாட்டரசு அறிவித்தது.

ஆக, மெய்யான கௌபாய் வாழ்ந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே. அவனைப் பற்றிய கதையோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்கிறது. 1902இல் ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' நாவல் அவனை மாண்புடைய தலைவனாக்கியது. அடுத்த ஆண்டே எட்வின் போர்ட்டர் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் பன்னிரண்டு நிமிடப் படத்தை எடுத்தார். இரயில் கொள்ளை, குதிரைத் துரத்தல், துப்பாக்கிச் சண்டை ஆகிய மூன்றும் அதிலேயே அமைந்துவிட்டன. மேற்குப் புலத்தின் கதை சொன்ன அப்படம் கிழக்குக் கரையில் உள்ள நியூஜெர்சிப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மரபு தொடக்கத்திலேயே தன் ஊரைவிட்டுப் பெயர்ந்து நின்றது.

மரபின் உறுப்புகள்

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்பது கௌபாய்ப் படங்கள்மீது எழும் பழைய குற்றச்சாட்டு. எங்கிருந்தோ வரும் தனியன், இருபுறமும் ஆடும் கதவுடைய மதுக்கடை, சீட்டாட்ட மேசை, மார்பில் விண்மீன் சின்னம் அணிந்த ஷெரீப், கிழக்கிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை, வெறிச்சோடிய தெருவில் எதிரெதிர் நிற்கும் இருவர், இறுதியில் மீண்டும் தனியே செல்லும் குதிரை. பார்ப்பவர் அனைவரும் இவற்றை முன்பே அறிவர்.

சங்கப் பாடலைப் பயின்றவர்க்கு இது குற்றமாகத் தோன்றாது. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளும் இப்படங்களில் அப்படியே பொருந்தக் காணலாம். வறண்ட பெருவெளியும் நண்பகலும் முதற்பொருள். குதிரை, மாடு, கழுகு, கள்ளிச்செடி, துப்பாக்கி ஆகியன கருப்பொருள். சட்டம் இன்னும் வந்துசேராத இடத்தில் ஒருவன் தன் அறத்தைத் தானே தேர்ந்துகொள்ள நேர்வது உரிப்பொருள். பாலை என்றதும் பிரிவை உணரும் தமிழ்ச் செவி போலவே, தொலைவில் எழும் புழுதியைக் கண்டதும் வரப்போவதை உணரும் கண் அந்த இரசிகனுடையது. அறிந்த துறைக்குள் அறியாத ஒன்று நிகழ்வதே இருவர்க்கும் இன்பம்.

மேதைகள் அவ்வாறே செய்தனர். ஜான் ஃபோர்டு 1939இல் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் மானுமென்ட் பள்ளத்தாக்கின் செம்பாறைகளைக் கதைமாந்தர்க்கு இணையாக நிறுத்தினார். பிரெட் ஜின்னமன் 1952இல் எடுத்த 'ஹை நூன்' படத்தில், பகைவர் வரும் இரயில் நண்பகலில் வந்துசேரும். ஊரார் ஒருவரும் துணைக்கு வாரார். வென்ற காவலன் தன் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறான். காவலனுக்கு ஊர் நன்றி சொல்லும் என்ற மரபு நிலைபெற்றிருந்ததால் அன்றோ அந்த எறிதலுக்கு அத்தனை வலிமை! ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) இறுதியில் எல்லோரும் வீட்டினுள் நுழைய, தேடிக் கொணர்ந்தவன் மட்டும் வாயிற்புறமே நின்று திரும்பிச் செல்கிறான். கதவு மூடுகிறது. சொல்லொன்றும் இல்லை.

மரபு மறைத்தவை

மரபைப் போற்றுவோர் அது மறைத்தவற்றையும் சொல்லக் கடமைப்பட்டவர். கயிற்றுச் சுருக்கு, அகன்ற தொப்பி, மாடு வளைக்கும் வித்தை ஆகியவற்றைக் கௌபாய் மெக்சிகோவின் வாக்கேரோ என்னும் இடையரிடம் கற்றான். மந்தை ஓட்டியவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கருப்பினத்தவர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். திரையிலோ அவர்கள் நெடுங்காலம் காணப்படவில்லை. மண்ணின் பழங்குடியினர் குன்றின்மேல் தோன்றித் தாக்கி மடியும் முகமற்ற கூட்டமாகவே காட்டப்பட்டனர். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்னுமிடத்தில் படைவீரர்கள் லகோட்டா மக்களைப் பெண்டிர் பிள்ளைகள் உட்படக் கொன்று குவித்ததே மெய்வரலாறு. அத்தனை படங்கள் எடுத்த ஃபோர்டு 1964இல் 'செயென் ஆட்டம்' படத்தில்தான் பழங்குடியினரின் துயரைக் கதையின் நடுவில் வைத்தார்.

இவ்வகையில் தமிழ்ச் சிறுவர்க்கு ஒரு நற்பேறு வாய்த்தது. சிவகாசியிலிருந்து 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேசவைத்தது. டெக்ஸ் நவஜோ மக்களின் தலைவன். 'இரவுக்கழுகு' என்பது அவனுக்கு அவர்கள் இட்ட பெயர். ஹாலிவுட்டின் பெரும்பாலான படங்கள் சொல்லத் தயங்கிய நியாயத்தை மலிவு விலைப் புத்தகம் தமிழில் சொல்லிற்று.

ஆகோள் நிலம்

மாடே செல்வமாக, எல்லையே வாழ்வாக இருந்த இடம் அமெரிக்க மேற்கு மட்டுமன்று. மாற்றார் ஆநிரை கவர்வது வெட்சி. அதனை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சியுள் அடக்கும்; புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகக் கொள்ளும். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் படிநிலைகளும் இலக்கணத்திலேயே உள்ளன. இது புலவர் கற்பனை அன்று என்பதற்கு, 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் சான்று. 'ஆகோள்' என்னும் சொல்லே அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

பழைய தருமபுரி மாவட்டமும் செங்கம் வட்டாரமும் நடுகற்களின் களஞ்சியம். பல்லவர் காலத்து வட்டெழுத்தில், தொறு கவர்ந்த போதோ மீட்ட போதோ பட்டவன் பெயர் அவற்றில் காணப்படுகிறது. தொறு என்பது ஆநிரை. கௌபாய்க்குக் குதிரை போல இங்கும் துணை விலங்கு உண்டு. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், வீழ்ந்த வீரனோடு கள்வரைக் கடித்துக் காத்த அவனது நாயையும் சிலையாக்கி, கோவிவன் என்று பெயரும் தருகிறது.

வேப்பனப்பள்ளியை அடுத்த சின்னகொத்தூரே பழைய குந்தாணி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள இராமநாதன் அங்கிருந்து ஆண்டான். பின்னாளில் மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மாறிமாறி மிதித்த பாராமகால், 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. 1956இல் மொழிவழி எல்லைகள் வரையப்பட்டபோதும் இந்நிலம் எல்லையாகவே நின்றது. அரசுகள் மாறின, மாடுகள் நின்றன. இன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி எருது விடும் விழாவில் ஊரே தெருவின் இருமருங்கும் நிற்கிறது.

தமிழ்த் திரையில்

தமிழில் கௌபாய்ப் படம் என்றவுடன் நினைவுக்கு வருவோர் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணனும் நடிகர் ஜெய்சங்கரும். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என அடுத்தடுத்து வந்த படங்கள், குதிரைக் குளம்பின் வேகத்தைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தன. தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' 1971இல் வெளிவந்து, தமிழிலும் பேசியது. கொட்டகை இருளில் அவை தந்த களிப்பு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

எனினும் ஒன்று கூறவேண்டும். அப்படங்கள் தொப்பியையும் துப்பாக்கியையும் கொண்டன. அவற்றை ஈன்ற எல்லை வாழ்வைக் கொள்ளவில்லை. கருப்பொருள் வந்தது, முதற்பொருள் வரவில்லை. இத்தாலியரான செர்ஜியோ லியோனியும் அயலாரே. அவர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கதையைத் தழுவி, 1964இல் ஸ்பெயின் நாட்டு வறள்நிலத்தில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். வெற்றியின் காரணம், அவர் தொப்பியோடு வெயிலையும் வியர்வையையும் பேராசையையும் எடுத்துக்கொண்டது. நிலம் வேறாயினும் அதன் வெம்மை மெய்யாயிருந்தது. குறிஞ்சியும் முல்லையும் திரிந்தால் பாலையாகும் என்னும் இளங்கோவடிகளின் கருத்துக்கு இதைவிட நல்ல திரைச்சான்று அரிது.

இந்தியாவில் அவ்வெம்மையைக் கண்ட படம் 'ஷோலே'. இரமேஷ் சிப்பியின் அப்படம் 1975 ஆகஸ்டு 15 அன்று வெளியானது. அதன் பாறைக் குன்றுகள் பெங்களூரை அடுத்த இராமநகரத்தைச் சேர்ந்தவை. வேப்பனப்பள்ளிக் குன்றுகளுக்கு உறவுமுறை சொல்லத்தக்கவை. கைகளை இழந்த தாக்கூர் கொள்ளையன் கப்பரைக் கொல்வதாக முதலில் எடுக்கப்பட்ட முடிவு, நெருக்கடிநிலைக் காலத் தணிக்கையால் மாற்றப்பட்டு, காவலர் வந்து கைதுசெய்வதாயிற்று. சட்டம் வந்துசேராத இடத்தின் கதைக்குள், சட்டமே நேரில் வந்து நுழைந்தது! மரபின் உரிப்பொருள் எத்துணை உயிருள்ளது என்பதை அத்தணிக்கையே மெய்ப்பித்தது.

பின்னர் மரபு நகைச்சுவையாக முதிர்ந்தது. 'குயிக் கன் முருகன்' (2009) சைவ உணவுக்காகத் துப்பாக்கி ஏந்திய தமிழ்க் கௌபாயைக் காட்டியது. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) தன் கற்பனை ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றே பெயரிட்டு முன்னோடிக்குக் கடன் செலுத்தியது. பகடி செய்ய முடிவது, பார்ப்போர் மரபை நன்கு அறிந்திருப்பதால்தான்.

கல் காத்திருக்கிறது

ஆயினும் வெட்சியும் கரந்தையும் நிகழ்ந்த நிலத்திலேயே, நடுகல்லின் நிழலில் நின்று, தமிழ்த் திரை தன் ஆகோள் கதையை இதே கனத்தோடு சொல்ல வேண்டிய கடன் நிலுவையில் உள்ளது. அது திரையின் கடன் மட்டுமன்று. கவிதையின் கடனும் ஆகும். அக்கதையைச் சொல்வோர் ஹாலிவுட் செய்த பிழையையும் கருதவேண்டும். நடுகல் மீட்டவன் பெயரையும் கவர்ந்தவன் பெயரையும் காத்தது. மாடு இழந்த வீட்டாரின் பெயரை அது சொல்வதில்லை. அவர்களுக்கும் ஒரு வரி எழுத இடமுண்டு.

காலம் குறுகியது. கிருஷ்ணகிரிக் குன்றுகள் கிரானைட் பாளங்களாக அறுபட்டுக் கப்பலேறுகின்றன. மேய்ச்சல் வெளிகள் மனைகளாகின்றன. மந்தை ஓட்டியவர் வழிவந்த இளைஞர் ஒசூர்த் தொழிற்சாலைகளின் பணிமுறைப் பேருந்துக்காக விடியலில் சாலையோரம் நிற்கின்றனர். முள்கம்பி வந்தபின் கௌபாயின் நிலம் பழைய நிலமாக இல்லை; அவனைக் காத்தது கதை. இங்கே கல் மட்டும் நிற்கிறது. சில இடங்களில் அதன்மேல் துணி துவைக்கின்றனர். சில இடங்களில் மஞ்சள் பூசிப் பொங்கலிடுகின்றனர். இரண்டிடத்தும் எழுத்து தேய்ந்து வருகிறது. அது முற்றும் தேயுமுன் படிப்பவர் வேண்டும்.