பெர்மிட் கிடைக்கும் வரை: வெளிநாட்டு மனைவி, கணவர் சட்டப்படி இங்கே தங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் பெண் எடுத்த குடும்பங்களும் அங்கிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்த குடும்பங்களும் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம்மிடையே நிறைய உண்டு. கல்யாணம் முடிந்து, பாரத்தையும் நிரப்பிக் கொடுத்த பிறகு, "விண்ணப்பம் போட்டாச்சு, பதில் வரும் வரைக்கும் இருக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மலேசியாவில் அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் இடமில்லை. விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது, தங்குவதற்கான அனுமதி ஆகாது. கடப்பிதழில் உள்ள பாஸின் கடைசித் தேதி எதுவோ, அதுவரைக்கும்தான் அவர் சட்டப்படி இங்கே இருக்கிறார்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் மக்கள் எல்லாவற்றையும் "பெர்மிட்" என்றே சொல்வார்கள். சட்டத்தில் இவை மூன்று வெவ்வேறு சங்கதிகள். விசா என்பது நாட்டுக்கு வருவதற்கு முன்பு பெறும் ஒப்புதல். பாஸ் என்பது வந்த பிறகு இன்ன தேதி வரை இருக்கலாம் என்ற அனுமதி. நுழைவு பெர்மிட் என்பதுதான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை; சிவப்பு அடையாள அட்டை அது கிடைத்தவருக்கு மட்டுமே. சிவப்பு அட்டைக்குக் காத்திருக்கும் ஒருவர் அந்தக் காலம் முழுவதும் ஏதாவது ஒரு பாஸின் கீழ் இருந்தாக வேண்டும்.

முப்பது நாள் கணக்கு

2023 டிசம்பர் 1-ஆம் தேதி முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள் தங்கலாம். சுற்றிப் பார்க்க வருவோருக்கு இது பெரிய வசதி. கல்யாணத்துக்கு வருவோருக்கோ இதில் ஒரு பொறி இருக்கிறது.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின் கீழ் வருகிறது. அது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும், பதிவு இல்லையென்றால் அது சட்டப்படியான திருமணம் அல்ல. பதிவுச் சான்றிதழ் இல்லாத தம்பதியரைக் குடிநுழைவுத் துறை கணவன் மனைவியாக ஏற்காது. (முஸ்லிம்களுக்கு மாநில இஸ்லாமிய சமயத் துறையின் வழி தனி நடைமுறை உண்டு.)

திருமணத்தை இங்கே பதிவு செய்வதென்றால், அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்ட பதிவு வட்டாரத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். கொடுத்த அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. மணமகள் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே எல்லாம் தொடங்கினாலும், பதிவு முடியும்போது கையில் இருப்பது ஒன்றிரண்டு நாள்தான். நடுவில் ஒரு பொது விடுமுறை, மணமகளின் ஊரிலிருந்து வரவேண்டிய மணமாகாதவர் என்ற சான்றிதழில் ஒரு தாமதம் வந்தால் போதும், பதிவுக்கு முன்பே பாஸ் காலாவதியாகிவிடும்.

வருகையாளர் பாஸை நீட்டிக்கலாமே என்று கேட்பார்கள். நோய், விபத்து, சொந்த நாட்டில் போர் போன்ற காரணங்களுக்குத்தான் அது பெரும்பாலும் நீட்டிக்கப்படுகிறது. கல்யாண வேலை இன்னும் முடியவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த நெருக்கடியைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. அறிவிப்புக் காலத்தைக் குறைக்கச் சிறப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பற்றித் தேசியப் பதிவுத் துறையில் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். மற்றொன்று, இந்தியாவிலேயே சட்டப்படி திருமணத்தைப் பதிந்துவிட்டு, மலேசியக் குடிமகன் என்ற முறையில் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் அதைப் பதிந்துகொள்வது. அதற்குள் நாடு திரும்பிவிட்டவர் இங்கே வந்து சேர்ந்த ஆறு மாதத்துக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதியலாம். செலவு கொஞ்சம் கூடினாலும் இந்த இரண்டாவது வழியே நிம்மதி என்பது என் கருத்து. சான்றிதழ் கையோடு இருப்பதால், மணமகள் இங்கே வந்த முதல் வாரத்திலேயே குடிநுழைவுத் துறைக்குப் போய்விடலாம்.

நீண்டகாலப் பாஸ்

மலேசியரின் கணவருக்கோ மனைவிக்கோ கொடுக்கப்படுவது நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். குடிநுழைவு முகப்பில் "பாஸ் லாவாத்தான் சோசியல்" என்று கேட்டால் புரியும். முதல் தடவை ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ கொடுப்பது வழக்கம். பிறகு ஐந்து ஆண்டு வரையிலும் கிடைக்கலாம்.

இதற்கு உத்தரவாததாரர் மலேசியரான கணவரோ மனைவியோதான். இருவரும் நேரில் போக வேண்டும். ஐ.எம். 12 பாரம், திருமணச் சான்றிதழ், மைகார்டு நகல், கடப்பிதழ், புகைப்படங்கள், முத்திரைத் தீர்வை செலுத்திய தனிநபர் பிணைப் பத்திரம் ஆகியவை அடிப்படை ஆவணங்கள். அசலும் நகலும் இரண்டும் வேண்டும். அதிகாரி இருவரையும் தனித்தனியே கேள்வி கேட்கக்கூடும். எங்கே சந்தித்தீர்கள், மாமியார் பெயர் என்ன என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு மணமகள் பதறிவிட வேண்டாம். போலித் திருமணங்களைப் பிடிப்பதற்கான வழி அது.

பாஸ் கிடைத்ததும் அதில் அச்சிட்டிருக்கும் நிபந்தனையைப் படித்துப் பார்க்க வேண்டும்; பலர் தேதியைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலை செய்ய அனுமதி பெறாமல், கணவரின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும் சோதனைக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்கு அது வேலைதான். பாஸின் நிபந்தனையை மீறுவது 1963-ஆம் ஆண்டு குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி குற்றம். வேலை செய்ய விரும்பும் மனைவியோ கணவரோ அதற்கான ஒப்புதல் முத்திரையைக் குடிநுழைவுத் துறையில் பெறலாம். பெற்ற பிறகு வேலைக்குப் போவதே சரி.

சபா, சரவாக் இரண்டுக்கும் குடிநுழைவில் தனி அதிகாரம் உண்டு. கணவருக்கு மிரிக்கோ தாவாவுக்கோ வேலை மாற்றம் வந்தால், தீபகற்பத்தில் எடுத்த பாஸை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிடாமல் அந்த மாநிலக் குடிநுழைவு அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும்.

சிவப்பு அட்டைக்குக் காத்திருக்கும் ஆண்டுகள்

நிரந்தரக் குடியிருப்புத் தகுதிக்கு விண்ணப்பிக்கவே பல ஆண்டுகள் இந்தப் பாஸில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகும் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். இந்த நீண்ட காத்திருப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பி.ஆர். போட்டிருக்கோமே, இனி பாஸ் எதுக்கு?" என்று புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நீண்டகாலப் பாஸ் உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் விடுபட்டால் அந்த மாதம் சட்டவிரோதத் தங்கல் ஆவதோடு, "தொடர்ந்து தங்கியவர்" என்ற தகுதிக்கும் அது கேள்வியாகிவிடும்.

குடியுரிமை இதற்கும் அப்பால் உள்ள படி. கூட்டரசு அரசியலமைப்பின் 15(1) விதி மலேசியரின் வெளிநாட்டு மனைவி பதிவின் மூலம் குடியுரிமை கேட்க இடம் தருகிறது. வெளிநாட்டுக் கணவருக்கு அந்த வழி இல்லை. மகளுக்கு இந்தியாவிலிருந்து மாப்பிள்ளை எடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

புதுப்பிக்கப் போன இடத்தில் ஓர் ஆவணம் குறைகிறது, பாஸோ நாளையே முடிகிறது என்றால் "பாஸ் காஸ்" எனப்படும் சிறப்புப் பாஸைக் கேட்கலாம். விதிமுறைகளின் 14-ஆவது விதியின் கீழ் ஒரு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு அது கொடுக்கப்படுகிறது. கட்டணம் 100 வெள்ளி. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. அதை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. பாஸ் முடிவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவது நல்லது.

கடப்பிதழின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். அது முடியும் தேதியைத் தாண்டிப் பாஸ் கொடுக்கமாட்டார்கள். ஐந்து ஆண்டுப் பாஸ் கேட்டவருக்கு ஒன்றரை ஆண்டு கிடைத்ததற்குப் பல சமயம் இதுதான் காரணம். இந்தியத் தூதரகத்தில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு, பிறகு பாஸுக்குப் போனால் ஒரு நடை மிச்சம். பழைய கடப்பிதழையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பாஸ் அதில் ஒட்டியிருக்கலாம்.

தேதி தாண்டினால்

1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பாஸ் முடிந்த பிறகும் தங்கியிருப்பவருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதோடு நாட்டை விட்டு வெளியேற்றம், மீண்டும் வரத் தடை. அவரைத் தெரிந்தே வீட்டில் தங்கவிட்டவர் மீதும் வழக்குப் போட அதே சட்டத்தில் இடமுண்டு. சொந்த மனைவியாயிற்றே என்பது அங்கே பதிலாகாது.

அவ்வப்போது அரசு அறிவிக்கும் திட்டங்களைப் பற்றியும் தவறான எண்ணம் பரவுகிறது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த தாயகம் திரும்பும் திட்டத்தில், காலம் கடந்து தங்கியவர்கள் 500 வெள்ளி தண்டம் கட்டிவிட்டு நீதிமன்றம் போகாமல் ஊர் திரும்ப முடிந்தது. அது நாட்டை விட்டுப் போவதற்கான வழி. இங்கேயே இருந்து பாஸ் எடுப்பதற்கான வழி என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். கடப்பிதழையும் ஏஜென்டிடம் கொடுத்து வைக்கக்கூடாது. பிறர் கடப்பிதழைச் சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

ஹட்ஜாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஒரு நாள் போய்த் திரும்பி, புதிய முப்பது நாள் வாங்கும் பழக்கமும் இருக்கிறது. இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ எல்லையில் உள்ள அதிகாரி "இவர் சுற்றுப்பயணி இல்லை" என்று முடிவு செய்தால், கணவர் இந்தப் பக்கமும் மனைவி அந்தப் பக்கமும் நிற்க வேண்டியதுதான்.

வெளிநாட்டு அனுபவம் இங்கே பொருந்தாது

"ஆஸ்திரேலியாவில் என் தம்பி அப்படித்தானே இருந்தான்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே செல்லத்தக்க விசாவில் இருக்கும்போதே நாட்டுக்குள்ளிருந்து அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்தால், இடைக்கால விசா ஒன்று கொடுக்கப்படுகிறது. 'பிரிட்ஜிங் விசா ஏ' என்பது அதன் பெயர். பழைய விசா முடிந்ததும் அது நடப்புக்கு வரும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வெளிநாடு போனால் திரும்ப வர முடியாது. போவதற்கு முன் 'பி' வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அம்மா இறந்த செய்தி கேட்டு ஈப்போவுக்குப் பறந்து வரும் பிள்ளைகள் அந்த அவசரத்திலும் நினைவில் வைக்க வேண்டியது இது. பிரிட்டனில் 1971-ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டத்தின் 3சி பிரிவு, காலம் முடிவதற்குள் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதியை முடிவு வரும் வரை தானாக நீட்டிக்கிறது. அங்கும் நடுவில் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள்.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் நம் பக்கம். அங்கேயும் விண்ணப்பம் நிலுவையில் இருப்பது தங்கும் உரிமை ஆகாது. 90 நாளுக்கு மேல் காலம் கடந்து தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரரை மணக்கும் ஜொகூர் பிள்ளைகள், திருமணத்துக்கு முன்பே நீண்டகால வருகை அனுமதிக்கான தகுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் அந்த வசதி இருக்கிறது.

கணவர் கையெழுத்துப் போட மறுத்தால்

இங்குள்ள முறையில் மிகவும் வலிக்கும் இடம் இது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் உத்தரவாததாரர் வர வேண்டும் என்பதால், சண்டை வந்தால் "பாஸை ரத்து பண்ணிடுவேன்" என்பதே சில கணவர்களின் ஆயுதமாகிவிடுகிறது. அடிபட்டும் வாய் திறக்காத பெண்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் அல்லது மனைவி என்ற உறவைப் பார்க்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாள அட்டை நிறத்தைப் பார்ப்பதில்லை. பாஸ் முடிவதற்கு முன்பே போலீஸ் புகார் செய்து அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ் மூன்றின் நகலையும் கணவர் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். பிறகு குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் போய் நிலைமையை எழுத்தில் கொடுத்து, சிறப்புப் பாஸ் கேட்க வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் டபிள்யு.ஏ.ஓ. மகளிர் உதவி அமைப்பும் இத்தகைய பெண்களுக்கு வழிகாட்டுகின்றன. அவசரத்துக்கு அழைக்க 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.