ஒரு சிறுவனின் குரலுக்காகப் பிறந்த நாடகம்

கான்சாபுரம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைக்கு நாடகம் வைத்தால், ராஜபார்ட் என்னும் கதாநாயக நடிகர் பாடும் பாட்டில் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகள் கட்டியதாக இருக்கும். அவர் எழுதிய நாடகங்களில் ‘அபிமன்யு சுந்தரி’ பிறந்த விதம் தனியாகச் சொல்ல வேண்டியது.

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், இருபத்துநான்கு வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், எமன், சனீஸ்வரன் என்று மேடையை அதிரவைக்கும் வேடங்களில் நடித்தார். பிறகு வேடத்தைக் கலைத்துவிட்டு, எழுதுவதும் கற்பிப்பதுமே வாழ்க்கை என்று ஆனார்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. அவர்தான் ஆசிரியர், நடிகர்கள் சிறுவர்கள். ஆறு வயதில் அங்கே வந்து சேர்ந்தவர் டி.கே.சண்முகம், பின்னாளில் நாம் அறிந்த ஔவை சண்முகம். அந்தப் பிள்ளையின் பாட்டும் தெளிந்த உச்சரிப்பும் ஆசிரியர் மனத்தைப் பிடித்தன. இவனையே கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று நினைத்தார். அபிமன்யு வேடம் அவனுக்குப் பொருந்தும் என்று பட்டது.

கதை புதிதல்ல. மாமன் மகள் சுந்தரி அபிமன்யுவுக்கு உரியவள். அவளைத் துரியோதனன் மகனுக்குக் கொடுக்க ஏற்பாடாகிறது. முறைப்பெண்ணுக்காக எழும் வழக்கு எந்த ஊர்ச் சபைக்கும் விளக்கம் இல்லாமலே புரியும். இந்தக் கதை அம்மானைப் பாட்டாக ஏற்கெனவே அச்சில் இருந்தது. சுவாமிகள் அந்தப் புத்தகத்தை வரவழைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கடியில் உட்கார்ந்தார். விடிந்து பிள்ளைகள் எழுந்தபோது பாட்டும் வசனமுமாக முழு நாடகமும் எழுதி முடிந்திருந்தது. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

ஓர் இரவில் எழுத முடிந்ததற்குக் காரணம் உண்டு. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற யாப்பு கையில் இருந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையோடு பழகிப் பெற்ற தாளக் கணக்கு காதில் இருந்தது. பாடப்போகும் பையன் எந்தச் சுருதியில் நிற்பான், எங்கே மூச்சு வாங்குவான் என்பது தினமும் பாடம் சொன்னவருக்குத் தெரியாதா?

இதற்குச் சற்று முன், 1916இல், அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுன் துறைமுகத்தில் ஒரு பழைய மீன் கொட்டகையில் நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. அப்போது பெயர் பெறாத ஓர் எழுத்தாளரை நம்பி அங்கே ஒரு குழு துணிந்தது. இங்கே ஒரு சிறுவனை நம்பி, பெயர்பெற்ற ஆசிரியர் ஓர் இரவு கண்விழித்தார்.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். 1925இல் சண்முகமும் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாகக் குழு தொடங்கினார்கள். சுவாமிகளுடைய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ பாடங்கள் ஸ்பெஷல் நாடகங்களுக்கு அடித்தளம் ஆயின. இந்த நாடகங்களில் இன்றும் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்தித்து, விடிய விடிய நடிக்கிறார்கள். பாடம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தான் அது முடிகிறது. ஆகவே அவர் பாடல்களைத் தொண்டையில் சுமக்கும் இந்தக் கலைஞர்களை நாம் நாடக ஆசிரியர்களாகவே மதித்து, பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துக் கற்பிக்கச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட வித்தை கொடுக்கலாம் என்பது சுவாமிகள் செய்துகாட்டியதுதானே!