கோது கிடைக்காவிட்டால் சூடு நடக்கவில்லையா?

கண்டி நீதிமன்றச் செய்திகளை எழுதும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: சம்பவ இடத்தில் வெற்றுக் கோது இல்லையென்றால் சூடு நடக்கவில்லையா? அப்படி முடிவு கட்ட முடியாது. ரிவோல்வர் கோதை வெளியே தள்ளுவதே இல்லை. பிஸ்டலிலும் அது உள்ளேயே சிக்கலாம்.

பிஸ்டல் வெடித்ததும் மேற்பகுதியான ஸ்லைட் பின்னே போகும். அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு கொக்கி கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்கும். எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடும். கோது பாதி வெளியே வந்து நசுங்கி நின்றால், கொக்கி பெரும்பாலும் இழுத்துவிட்டது, தள்ளுவதில்தான் கோளாறு. சுடுகுழலின் அறைக்குள்ளேயே தங்கினால் இழுப்பதில் கோளாறு.

அப்போது விளிம்பைத்தான் பார்ப்பார்கள். விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி பிடித்திருக்கிறது, அறைதான் விடவில்லை. கறளும் கரியும் அதற்குக் காரணமாகலாம். மண்ணில் புதைந்து கிடந்த ஆயுதங்களில் இது வியப்பல்ல. விளிம்பு பழுதின்றி இருந்தால் கொக்கி தேய்ந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், இடுக்கில் அழுக்கு அடைந்திருக்கலாம்.

இன்னொன்று. கொக்கியின் கீறல் மட்டும் சூட்டுக்குச் சான்றல்ல. சுடாமல் கையால் இழுத்து வெளியேற்றிய தோட்டாவிலும் அது விழும். அதனால்தான் அரச இரசாயன பகுப்பாய்வுத் திணைக்களம் போன்ற இடங்களில் சுடு ஊசியின் குழியையும் சேர்த்து ஒப்பிடுகிறார்கள்.

கோதைக் கண்டால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். கிடந்தபடியே படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துவைத்து, சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள்.